சல்லடைக் கணக்கு

ஐகோர்ட்ராஜாவின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது உப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, மூச்சுவிடக் கூடாது. அவன் அம்மா போட்ட சட்டம் அது. பகல் முழுக்க உப்பளத்தில் உப்பு வாரி, கால் வெடித்து, கண் எரிந்து வந்து உட்கார்ந்தால் தட்டிலும் அந்தச் சனியன் பேச்சா என்று ஒருநாள் கரண்டியை வீசினாள். அன்றைக்கு அடங்கிய வாய்கள்தான். அம்மா போய்ப் பதினாறு வருஷமாகியும் சட்டம் மட்டும் போகவில்லை.

அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தவள் அக்கா பேச்சித்தாய். ஒருதடவை அவளுக்குக் காய்ச்சல் என்று ராஜா ரசம் வைத்தான். இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு அவன் ஒரு வாய் வைத்துப் பார்த்தால், உப்பே போடவில்லை!

“ஏன்க்கா சொல்லல?”

“நல்லாத்தானலே இருந்துச்சு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான். தம்பி கொடுத்தால் வெந்நீரும் பாயசம்.

அவன் பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் அப்படி ஒரு சாமி உண்டு, அதற்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன். வெளியூரில் பெயரைச் சொன்னால் அப்பா வக்கீலா என்று கேட்பார்கள். அப்பாவும் உப்பளத்துக்காரர்தான் என்று அவன் அலுக்காமல் சொல்லுவான். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். அக்கா அவனுக்கு ஏழு வயது மூத்தவள். அவள் புருஷன் கப்பலில் வேலைக்குப் போய் வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடந்தார். ஆகவே வீட்டில் அக்காவும் தம்பியும்தான், நாளெல்லாம் கேலியும் சண்டையும்தான்.

ராஜாவுக்கு வேலை, துறைமுகச் சாலையில் ஒரு மூன்றாவது மாடியில். வேதியியல் கூடம் என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே போய்த் தேடினால் ஒரு கண்ணாடிக் குடுவை கிடைக்காது. எல்லாம் கணினி. மூலக்கூறுகளைச் செய்யாமலே அவற்றின் குணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுகிற இடம் அது. எந்த மூலக்கூறு எந்த வெளிச்சத்தை விழுங்கும் என்பது ராஜாவின் பங்கு.

அந்தக் கணக்கை அவன் அக்காவுக்கு விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் புட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒவ்வொரு வெளிச்சம் பிடிக்கும்க்கா. பிடிச்சது வந்தா முழுங்கிரும். பிடிக்காதத அப்படியே விட்டுரும்.”

“உன்ன மாதிரின்னு சொல்லு. சாளை மீனுன்னா முழுங்குவ, கத்திரிக்கான்னா ஒதுக்கி வைப்ப.”

“அதேதான். வெளிச்சம் பட்டா உள்ள இருக்க எலக்ட்ரான் ஒண்ணு குதிக்கும். ஒண்ணு குதிச்சா மத்த எல்லாம் கொஞ்சங்கொஞ்சம் அசையும். யாரால யாருக்கு எவ்வளவு இடின்னு ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்குப் போடணும். லட்சக்கணக்குல ஜோடி. ஒரு மூலக்கூறுக்கு ஒரு கணினில பதினோரு நாள் ஆவுது.”

“எல்லா ஜோடியும் இடிச்சுக்குமோ?”

“எங்க! முக்காவாசி ஒண்ணையொண்ணு கண்டுக்கவே செய்யாது. பாடுபட்டுக் கணக்குப் போட்டா சைபருக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.”

“பொறவு எதுக்குலே அதையும் கட்டி அழுத?” அவள் சல்லடையைத் தட்டினாள். மாவு கீழே விழுந்தது, கப்பி மேலே நின்றது. “நான் மாவ வச்சுக்கிட்டு கப்பிய எறியுதேன். நீ கப்பிய வச்சுக்கிட்டு மாவ எறி. பெருச மட்டும் எண்ணுனாப் போதாதா?”

ராஜா கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தான். எட்டாம் வகுப்போடு நின்ற அக்கா சொன்னதைச் செய்துபார்க்க அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது. எந்த இடி சிறியதாக இருக்கும் என்று கணக்குப் போடுவதற்கு முன்பே மோப்பம் பிடித்து, அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை மட்டும் எண்ணுகிற முறை. பதினோரு நாள் நான்கு நிமிஷமாகச் சுருங்கியது. சல்லடை என்றே அதற்குப் பெயர் வைத்தான். உலகமெங்கும் ஆட்கள் அந்தப் பெயரை நாக்கு சுளுக்கச் சொன்னார்கள். சாயப் பட்டறை, மருந்துக் கம்பெனி, பெயிண்டுக் கம்பெனி என்று எல்லா இடத்திலும் சல்லடை ஓடியது. அரசாங்கமே சட்டத்தை மாற்றியது. கணக்கில் தேறிய மருந்துக்கு வருஷக்கணக்கில் சோதனை வேண்டாம், நாற்பது பேருக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தால் போதும். கணக்கு இவ்வளவு வேகமாக, இவ்வளவு சரியாக வரும்போது சோதனைக்கூடம் எதற்கு என்று பல இடங்களில் கருவிகளை எடைக்குப் போட்டார்கள்.

ராஜாவுக்கு வேண்டியது வேறு. அக்காவின் கண்.

உப்பளத்து வெயிலைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். மேலே ஒரு சூரியன், கீழே வெள்ளை வெளேரென்று பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன். இருபத்தைந்து வருஷம் அதில் நின்ற அக்காவுக்கு வெள்ளை விழியில் சதை வளர ஆரம்பித்திருந்தது. கண்ணாடி போட்டால் உப்புத் திவலை படிந்து அரைமணியில் குருடாகிவிடும். ஆகவே கண்ணுக்குள்ளேயே ஒரு நிழல் வேண்டும். காலையில் ஒரு சொட்டு விட்டால் சாயங்காலம் வரை கண்ணைக் கெடுக்கிற ஊதா, நீல வெளிச்சத்தை மட்டும் விழுங்கிவிட்டு மீதியை விடுகிற மூலக்கூறு. ஒன்பதாயிரம் மூலக்கூறுகளைச் சல்லடையில் போட்டு ஒன்றைப் பிடித்தான். நிழல்சொட்டு என்று அதற்குப் பெயர். மதுரையில் நாற்பது கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாதம் போட்டுப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. சான்றிதழ் வந்தது. அளத்துப் பெண்கள் முந்நூறு பேருக்கும் கொடுத்தார்கள்.

முதல் நாள் அக்கா அளத்திலிருந்தே போன் போட்டாள்.

“ஏலே ராசா, நாரைக்கு மூக்கு நுனி கருப்புலே!”

“என்னக்கா?”

“பூநாரைலே! இம்புட்டு வருசமா வருது, போவுது. ஒத்தக் கண்ண இடுக்கிக்கிட்டு ஏதோ சிவப்பா நிக்குதுன்னுதான் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் முழுசாப் பாக்கேன். மூக்கு நுனி மையத் தொட்டு வச்ச மாதிரி இருக்கு.” பேசிக்கொண்டே அழுதாள். ராஜாவும் அழுதான். பக்கத்து மேசையில் இருந்த ஷமீமா என்னவோ ஏதோவென்று பதறி எழுந்து வந்தாள். ஷமீமா காயல்பட்டினத்துக்காரி, அவனோடு எட்டு வருஷமாக வேலை செய்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கா ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிறீங்க?” என்று சொல்லித் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒன்பதாம் மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அன்னம்மாளின் கால் ஒடிந்தது.

அன்னம்மாள் அக்காவின் கூட்டாளி. இருபது வருஷமாக இருவரும் ஒரே பாத்தியில் பலகை போட்டு உப்பு வாரியவர்கள். ராஜாவுக்கு அவள் அன்னம் மதினி. அளத்தில் அப்போதுதான் டிரைவர் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டிகள் புதிதாக வந்திருந்தன. பெண்கள் அதைப் பேய்வண்டி என்பார்கள். சத்தமே கிடையாது. பூநாரை மிரளும் என்று ஹாரனுக்கும் தடை. பின்னோக்கி வருவதற்கு முன்பு மஞ்சள் விளக்கு மூன்றுதடவை மின்னும், அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு எட்டில் நின்ற வண்டி சட்டென்று பின்னால் வந்தது, அன்னம்மாள் நகரவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு போயிற்று.

“வெளக்கு எரியல” என்றாள் பேச்சித்தாய். அவள்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. விளக்கு மின்னினால் குரல் கொடுத்து ஆட்களை விலக்குவது அவள் பொறுப்பு.

மேனேஜர் தவசிலிங்கம் ராஜாவைக் கூப்பிட்டு அளத்துக் கேமராப் படத்தைக் காட்டினார். நல்ல வெயில். விளக்கு பளிச் பளிச்சென்று மின்னுகிறது, அதன் மஞ்சள்கூட உப்பில் தெறிக்கிறது. எதிரே ஆறு பெண்கள் நிற்கிறார்கள். ஆறு பேரும் விளக்கைப் பார்த்தபடிதான் நிற்கிறார்கள். ஒருத்தியும் அசையவில்லை. அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

“நீங்களே சொல்லுங்க சார்” என்றார் தவசிலிங்கம். கெட்ட மனிதர் இல்லை, அவர் குரலில் சங்கடம்தான் இருந்தது. “ஆறு பேரும் நேராப் பாக்கிறாங்க. பாத்துட்டு எரியலன்னு சொன்னா நான் என்ன எழுதுறது? பத்து நாள்ல விசாரணை. கவனக்குறைவுன்னு முடிவானா உங்க அக்காவுக்கு வேலை போயிரும். அன்னம்மாவுக்கும் வைத்தியச் செலவு கிடைக்காது. மருந்து போட்டு எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தானே தெரியுது?”

ராஜா மருந்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனில் ஒரு மஞ்சள் கட்டத்தை வரவழைத்து, அந்த விளக்கின் அதே நிறத்துக்குக் கொண்டுவந்து, அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இது என்ன நிறம்?”

அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். “மஞ்ச.”

“மங்கலா இருக்கா?”

“பளிச்சுன்னு இருக்கு. சாப்பிட வா.”

மருந்தில் தப்பில்லை. அப்படியென்றால்? “அக்கா, உண்மையச் சொல்லு. பேச்சு சுவாரசியத்துல கவனிக்காம விட்டுட்டியா? விட்டிருந்தாலும் பரவால்ல. என்கிட்டச் சொல்லு.”

அக்கா தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். பிறகு சொன்னாள், “ஆமாலே. கவனிக்கல. விசாரணைல அப்படியே எழுதிக் குடுத்துருதேன். அன்னத்த நான் பாத்துக்கிடுவேன், அது என் பாடு.”

அதுவரை பெரிதாகப் பொய் சொல்லிப் பார்த்திராத அக்கா, ஒரே நாளில் இரண்டு பேச்சுப் பேசிவிட்டாள். ஒன்று பொய். எது என்று தெரியாமல் ராஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள்மேல் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காகத் தன்மேல் வெறுப்பு வந்தது.

அதிலும் ஒரு விஷயம் அவனுக்கு ஒட்டவே இல்லை. மறுநாள் காலையிலேயே அக்கா சந்தைக்குப் போய்ப் பதினான்கு மாட்டுமணி வாங்கி, ஒவ்வொரு பேய்வண்டியின் பின்னாலும் கயிற்றில் கட்டிவிட்டிருந்தாள். நாரை மிரண்டால் மிரளட்டும் என்று காவலாளியிடம் சண்டை வேறு. கவனக்குறைவுதான் காரணம் என்றால் மணி எதற்கு?

விடை மூன்றாம் நாள் காலை வாசலிலேயே கிடைத்தது. அக்கா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அளத்துக்குப் போய், அன்னம்மாளுக்குக் கஞ்சி கொண்டுபோவதற்காகப் பத்து மணிக்குத் திரும்பி வந்திருந்தாள். ராஜாவைக் கூட்டிப்போக ஷமீமா ஸ்கூட்டரில் வந்து நின்றாள். அவன் பின்னால் ஏறினான். வண்டியை அவள் சாலைக்குத் திருப்பும்போது அக்கா வாசலிலிருந்து கத்தினாள்.

“ஏம்மா, சிக்னலப் போட்டுத் திரும்பு! லாரி வருதுல்லா!”

ஷமீமா பிரேக் போட்டாள். ராஜா குனிந்து பார்த்தான். பின்பக்கத்து மஞ்சள் விளக்கு டிக் டிக்கென்று மின்னிக்கொண்டிருந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தெரியாமல் சொல்லிவிட்டாள், தம்பி லாரியில் விழுந்துவிடுவானே என்ற பதற்றத்தில்.

“உங்களுக்கு இது எரியிறது தெரியலையாக்கா?” என்றாள் ஷமீமா.

“அதெப்படி?” என்றான் ராஜா. “போன்ல மஞ்சள் தெரிஞ்சுதே!”

ஷமீமா தலையில் அடித்துக்கொண்டாள். “போன்ல ஏது மஞ்சள்? அது சிவப்பும் பச்சையும் சேர்ந்து காட்டுற வேஷம். இந்த விளக்கு அப்படியில்ல, ஒரே ஒரு நிறம், சுத்த மஞ்சள். அந்த ஒத்த நிறத்தை மட்டும் ஏதாவது முழுங்குச்சுன்னா? வெயில்ல மஞ்சப்பூ தெரியும், மஞ்சச் சேலை தெரியும், ஏன்னா அதுல பக்கத்து நிறமும் கலந்திருக்கும். இந்த விளக்கு மட்டும் அணைஞ்சுபோகும்.”

“மஞ்சளை முழுங்காது. கணக்குல இல்லவே இல்ல.”

“கணக்கை விடு ராஜா. ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டா.”

பதினெட்டு வருஷமாக வேதியியல் படித்தவன், எட்டு வருஷமாக ஒரு குடுவையைத் தொடாதவன், அக்காவின் அடுக்களையிலிருந்து டீ டம்ளரைக் கொண்டுவந்தான். தண்ணீர் ஊற்றி நிழல்சொட்டு விட்டு, அதற்குப் பின்னால் ஸ்கூட்டரின் விளக்கைப் பார்த்தார்கள். பளிச்சென்று மின்னியது. ராஜாவுக்கு மூச்சு வந்தது.

“தண்ணி சரி. உங்க அக்கா கண்ணுல என்ன இருக்கும்?” என்றாள் ஷமீமா.

அவன் உள்ளே போய் ஒரு கைப்பிடி கல்லுப்பை அள்ளிவந்து டம்ளரில் போட்டுக் கலக்கினான். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் டம்ளருக்குப் பின்னால் விளக்கு மங்கியது, இன்னும் மங்கியது, இல்லாமல் போயிற்று. டம்ளரை விலக்கினால் மின்னுகிறது. வைத்தால் இல்லை. விலக்கினால் மின்னுகிறது, வைத்தால் இல்லை.

உப்பளத்து வீட்டில் பிறந்து, உப்புச் சம்பளத்தில் படித்து, உப்பளத்துப் பெண்களுக்காக மருந்து கண்டுபிடித்தவன் கணக்கில் உப்பைச் சேர்க்கவில்லை. சுத்தத் தண்ணீர் என்று போட்டு ஓடவிட்டிருந்தான். மதுரைப் பிள்ளைகளின் கண்ணில் உப்புத் திவலை ஏது?

அந்த வாரம் முழுக்க அவனும் ஷமீமாவும் கூடத்தில் இருந்த எல்லாக் கணினிகளையும் பிடித்துக்கொண்டார்கள். சல்லடையைக் கழற்றி வைத்துவிட்டு, உப்பையும் சேர்த்து, ஒரு மூலக்கூறு அல்ல, இருபது மூலக்கூறுகளை வைத்துப் பழைய முறையில் ஒன்றுவிடாமல் கணக்குப் போட்டார்கள். ஒரே கணினி என்றால் வருஷக்கணக்கில் ஆகிற வேலை, எல்லாம் சேர்ந்து ஆறு நாள் ஓடின. முடிவில் வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து நின்றது. இடம் பார்த்தால், அந்த மஞ்சளேதான்.

“உப்பு வந்ததும் எல்லாம் வரிசை கட்டி நிக்குது” என்றாள் ஷமீமா. “தனியா இருந்தா ஊதாவ முழுங்கும். வரிசைல நின்னா பக்கத்துல இருக்கிறது தொட்டு, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது தொட்டு, மொத்த வரிசையும் ஒரே ஆளா மஞ்சளை முழுங்குது. உப்பு சேர்த்து நம்ம சல்லடையையும் ஓட்டிப் பார்த்தேன். அதுக்கு இது தெரியவே இல்ல.”

“ஒவ்வொரு தொடலும் சின்னது. சைபருக்குப் பக்கம்” என்றான் ராஜா. “சின்னதுன்னு எறிஞ்சிருக்கோம். எறிஞ்சதையெல்லாம் கூட்டிப் பார்க்கல.” மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்னம் மதினியின் கால் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

விசாரணைக்கு அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு, கவனக்குறைவு என்று எழுதிய தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராஜா அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தவசிலிங்கத்தின் மேசையில் ஒரு டீ டம்ளரை வைத்தான், உப்பைப் போட்டான், விளக்கைக் காட்டினான். “இவங்க ஆறு பேரும் பாத்தாங்க சார். அங்க விளக்கு இல்ல. இல்லாம ஆக்கினது நான்” என்றான். எல்லாவற்றையும் சொன்னான். சல்லடையில் தேறிய மற்ற மருந்துகளையும் சாயங்களையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தான்.

அன்னம்மாளுக்கு வைத்தியச் செலவு கிடைத்தது, அக்காவின் வேலை தப்பியது. நிழல்சொட்டு நின்றுபோனது. அதன் சான்றிதழை ரத்து செய்தார்கள், ராஜாவைப் புகழ்ந்து எழுதியவர்களே இப்போது விளாசினார்கள். அதெல்லாம்கூட அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அளத்து வாசலில் ஒருத்தி நிறுத்திக் கேட்டதுதான் வலித்தது. “எதுக்குத் தம்பி எல்லாத்தையும் சொன்னிய? வண்டி வெளக்க மட்டும் மாத்தச் சொல்லிருந்தா போதுமே. இப்ப மறுபடியும் கண்ணு எரியுதுல்லா!” ரோட்டிலும் மஞ்சள் விளக்கு இருக்கிறதே என்று சொன்னான். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டில் அக்கா சோறு போடவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும்லே” என்றாள்.

“விபத்து அன்னைக்கேதானே? அதான் மணி கட்டுனியே.”

“அதுக்கும் முன்னால. கோவில் கொடைத் திருவிழால. அளத்துலேர்ந்து நேராப் போயிருந்தோம்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அம்மனுக்கு சீரியல் பல்புல பெருசா உருவம் வச்சிருந்தாவல்லா? எனக்கு மஞ்ச பல்பு வச்ச கிரீடத்தக் காணும், மூக்குத்தியக் காணும். பல்பு ஃபியூசாப் போச்சு போலன்னேன். பக்கத்துல நின்ன புள்ளைக, எரியுதே ஆச்சின்னு சிரிச்சுதுக. அன்னமும் தெரியலன்னா. நாந்தான் அவள அதட்டுனேன். என் தம்பி ரெண்டு வருசம் தூங்காமக் கண்டுபிடிச்ச மருந்து, ஒரு பல்பு தெரியலன்னா என்ன, வாய மூடுட்டின்னேன். எங்க குழுவுல அஞ்சு பேரையும் மூட வச்சேன்.”

ராஜாவுக்குச் சுள்ளென்று ஏறியது. “நாலு மாசமா? ஏன்க்கா சொல்லல?”

“நல்லாத்தானலே இருந்துச்சு” என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே உடைந்துவிட்டாள். “நாரை மூக்கு தெரிஞ்சுதுலே. நீ போன்ல அழுத. அத எப்படிலே கெடுக்கது? சின்ன விசயம்தானன்னு விட்டேன். அன்னம் காலு போச்சு.”

அவன் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். “நானும் சின்னதுன்னுதான்க்கா விட்டேன்” என்றான். இருவரும் வெகுநேரம் அழுதார்கள். அப்புறம் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, “மாவையில்லா எறிஞ்சிருக்கோம், கூறுகெட்டதுக” என்றாள்.

புது மருந்துக்குப் பதினாலு மாதம் ஆனது. இந்தத் தடவை சல்லடை முதல் பொறுக்கலுக்கு மட்டும்தான். மிஞ்சிய முப்பது மூலக்கூறுகளையும் உப்போடு, கும்பலாக, மெதுவாகக் கணக்குப் போட்டார்கள். ஷமீமா எங்கிருந்தோ பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து அளந்து பார்த்தாள். சோதனை மதுரையில் அல்ல, அளத்திலேயே. முதல் ஆள் நான்தான் என்று பேச்சித்தாய் அடம்பிடித்தாள். அன்னம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, ரெண்டாவது ஆள் நான், இந்தத் தடவை எவ அதட்டுனாலும் கத்துவேன் என்றாள்.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம் ராஜாவே சமைத்தான். சோறு, சுட்ட அப்பளம், ரசம். அக்காவுக்கு ஒரு டம்ளர் ரசத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். அவனைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. டம்ளர் பாதி ஆயிற்று. சட்டைப்பையில் கிடந்த புதுப் புட்டியை விரலால் அழுத்திக்கொண்டான். இவளை நம்பி எப்படிக் கொடுப்பது?

டங்கென்று டம்ளரைத் தரையில் வைத்தாள் அக்கா. சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

“அம்மா, என்ன மன்னிச்சிரு. ஏலே கோட்டிக்காரப் பயலே, ரசத்துல உப்பே இல்லலே! இதெல்லாம் மனுசன் குடிப்பானா?”

ராஜாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. “தெரியும்க்கா. சொல்லுதியான்னு பாத்தேன்” என்றான். புட்டியை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அன்னைக்குக் காய்ச்சலுக்கு வச்ச ரசமும் வாயில வைக்க விளங்கல, கேட்டுக்க” என்று சொல்லிக்கொண்டே அக்கா உப்பு ஜாடியை எடுக்க எழுந்துபோனாள்.